பின்னந்தலை

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று கடையில் மறுபடியும் பொடி உதிர்ந்தது.

ஒரு பெரியவர். புது மூக்குக்கண்ணாடி ஃபிரேம் காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்றார். குனிந்து கம்பியை வளைத்துச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரில் மிளகைத் தட்டிப் போட்டதைப் போலக் கறுப்புத் துகள். அவர் தட்டிவிட்டுக்கொண்டே மேலே பார்த்தார். கூரையிலிருந்து விழுந்தது என்று நினைத்துவிட்டார்.

"பழைய கட்டடம், என்ன?" என்றார்.

"ஆமாங்க, ரொம்பப் பழசு."

கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தினமும் காலையில் பின்னந்தலையில் தூவிக்கொள்ளும் பொடி அது. முடியின் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் முடி என்றே தோன்றும். ஆனால் வியர்க்கக் கூடாது, நனையக் கூடாது, குனியக் கூடாது. கண்ணாடிக் கடையில் குனியாமல் என்ன வேலை பார்ப்பது?

முடி நட்டு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. முன்னால் வளரத்தான் செய்தது. நெற்றியில் இவ்வளவு கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, பொம்மைத் தலையில் குத்தியதைப் போலத் தடித் தடியாக. அதற்காகப் பின்னாலிருந்து பிடுங்கினார்களே, அதுதான் தீராத கொடுமை. அளவு தெரியாமல் பிடுங்கியதில் பின்னந்தலை முழுக்க ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிறது. அந்துப்பூச்சி அரித்த கம்பளி. நடுவில் வெள்ளைப் புள்ளிகள்.

வழுக்கையாக இருந்தபோது எனக்கு முன்னந்தலை மட்டும்தான் கவலை. இப்போது நாலு பக்கமும்.

ஏப்ரல் 19

என் மனைவி ஃபிலிஸ் கோடை விடுமுறைக்குக் கடற்கரை ஊரான அய்வாலிக்கில் அறை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்ப வேண்டுமாம்.

"இந்த வருஷமாவது தண்ணியில இறங்குவியா?"

"பார்க்கலாம்."

"போன வருஷம் தொப்பி போட்டுக்கிட்டுக் கரையில உட்கார்ந்திருந்தியே, எல்லாரும் உன்னை விடுதிக் காவல்காரன்னு நினைச்சாங்க. ஒருத்தர் வந்து துண்டு எங்கே கிடைக்கும்னு கேட்டாரு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 22

இஸ்தான்புல்லில் ஒரு பெண் டாக்டர். மற்றவர்கள் கெடுத்த தலைகளைச் சரிசெய்பவராம். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஃபிலிஸிடம் சொல்லவில்லை. முன்பு ஒரு முறை இப்படித்தான் நம்பிக்கையோடு கிளம்பினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

போய்விட்டு வந்துவிட்டேன்.

டாக்டர் செவில். ஐம்பது வயது இருக்கும். பொடியை முழுக்கக் கழுவிவிட்டு வரச் சொல்லி, விளக்கடியில் உட்கார வைத்து, பின்னால் நின்று பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"ஒரு அடுக்குமாடிக் கட்டடம். டாக்டர்னு ஒருத்தர் வந்து கைகுலுக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் செஞ்சதெல்லாம் வேற ஆளுங்க. டீவியில மேட்ச் பார்த்துக்கிட்டே செஞ்சாங்க."

"ம்." கையுறையைக் கழற்றினார். "முன்பக்கக் கோட்டை நான் சரிபண்ணிடறேன். தடிச்சதையெல்லாம் எடுத்து வேற இடத்துல வச்சுக்கலாம். பின்னாலதான் பிரச்சினை. நிரப்பணும்னா எங்கிருந்தாவது எடுக்கணும். உங்ககிட்ட எடுக்க இனிமே எதுவுமில்ல."

"தாடியிலேர்ந்து?"

"ரொம்பச் சன்னமா இருக்கு. போதாது."

"வேற யாரோடதாவது..."

"உங்க உடம்பு வெளியே தள்ளிடும். கூடப் பிறந்தவங்களோடதுன்னாகூடத்தான்." குறிப்பு எழுதிக்கொண்டே சொன்னார். "ஒரே அச்சா இரட்டைப் பிள்ளையா பிறந்திருந்தா வேற கதை."

நாற்காலியோடு திரும்பி அவரைப் பார்த்தேன். எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், இருக்காங்களா?"

திரும்பும்போது கப்பலில் வந்தேன். கப்பல் நிற்பது முதன்யாவில். துறையிலிருந்து இரண்டாவது தெருவில் நெஜாத்தின் டயர் கடை. அந்தத் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போய் எங்கள் ஊர் புர்சாவுக்குப் பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 27

நெஜாத் எனக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிறந்தவன். பள்ளியில் எங்கள் பெஞ்சைக் கடக்கும் வாத்தியார்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அடியாகக் கொடுப்பார்கள், தப்பு செய்தவன் யாரென்று தெரியாததால். முடி கொட்டியதும் ஒன்றாகத்தான். இருபத்தைந்து வயதில் அவன் ஒரு நாள் சவரக்கத்தியை எடுத்து மொத்தமாக வழித்துவிட்டு, "தொல்லை விட்டுது" என்றான். அன்றிலிருந்து தினமும் வழிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். "நடுவரே, தலையை அந்தப் பக்கம் திருப்பு, கண்ணு கூசுது!" என்று கத்துவார்கள். அவன் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து, தலையை இன்னும் நன்றாகக் காட்டுவான்.

நான் பதினோரு வருடம் பக்கவாட்டு முடியைக் குறுக்கே இழுத்துச் சீவிக்கொண்டிருந்தேன். பிறகு போய் நட்டுக்கொண்டேன். கட்டு அவிழ்த்த பிறகு அவனைப் பார்க்கப் போனபோது என் நெற்றியை ஒரு தடவை பார்த்தான். "சரி, நல்லா இரு" என்றான். காற்றடிக்கும் குழாயை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு பெருநாள்களுக்கு ஃபோன். அவ்வளவுதான்.

அவனிடமா கேட்பது?

ஏப்ரல் 30

ஃபோன் செய்தேன். பனிக்கால டயரை எடுத்துவிட்டுக் கோடை டயர் மாற்றிவிட்டாயா என்று கேட்டான். மாற்றவில்லை என்றேன். மாற்று என்றான். வைத்துவிட்டோம்.

மே 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

ஆட்டம் முடிந்து கடையில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "யாரு செத்தா?" என்றான்.

"யாரும் சாகலை. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அப்ப உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. உட்காரு."

தேநீர் வந்தது. சர்க்கரையைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு டாக்டர் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான்.

"என் முடியா? டேய், என்கிட்டயே இல்லையேடா!"

"பின்னால இருக்கு. நீ வழிக்கிறதால தெரியலை."

சிரிப்பு நின்றது. "எடுத்தா எனக்கு என்ன ஆகும்?"

"சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளி விழும். முடி வளர்த்தாத் தெரியாது."

"நான் வளர்க்கிறதில்ல."

"தெரியும்."

தேநீர் டம்ளரைத் தட்டில் வைத்தான். "ஒண்ணு கேக்கறேன். முடி நடப் போனியே, அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ கேலி பண்ணுவேன்னு சொல்லலை."

"பண்ணியிருப்பேன். ஏன்னா என் மூஞ்சியைத்தான் நீயும் வச்சிருந்தே. அதைப் பார்க்க உனக்குச் சகிக்கலை, போய் மாத்திக்கிட்டு வந்துட்டே. வந்து என் எதிர்ல நின்னே. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒரு நாளாவது நினைச்சியா? இப்ப அதே மூஞ்சியிலேர்ந்து முடி வேணுமா?"

"அப்படி நினைச்சு நான் போகலை நெஜாத்."

"வேற எப்படி நினைச்சுப் போனே?"

ஒரு வாடிக்கையாளர் வண்டியை உள்ளே விட்டார். நெஜாத் எழுந்து போனான். நான் கிளம்பும்போது ஓடி வந்து ஒரு டப்பா ஆலிவ் கொடுத்தான். "ஃபிலிஸுக்கு. உனக்கில்ல."

மே 6

எப்படி நினைச்சுப் போனேன்?

மே 14

தெற்குக் காற்று. இது அடித்தாலே ஊரே தலைவலியோடு திரியும். ட்ராம் நிறுத்தத்தில் தொப்பி பறந்து தண்டவாளத்தில் விழுந்தது. எடுக்கக் குனிவதற்குள் ட்ராம். பிறகு மழை. கடைக்குள் நுழையும்போது பொடி கரைந்து கழுத்தில் இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. லென்ஸ் வாங்க வந்த ஒரு அம்மா, "ஐயையோ, உங்களுக்கு அடிபட்டிருக்கு! கழுத்துல என்னமோ வழியுது!" என்று கைக்குட்டையை எடுத்துத் துடைக்க வந்துவிட்டார். துடைத்தார். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது. அதையும் என் பின்னந்தலையையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் ஆறேழு பேர். எல்லாச் சுவரிலும் நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தலை.

மாலையில் முஸஃபர் முதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"தம்பி, லென்ஸ் தேய்க்கிற ஆளு ஊருக்குப் போறான். கொஞ்ச நாள் நீ உள்ளே பார்த்துக்கோயேன். உன் கைக்கு அது நல்லா வரும்."

"முன்னால யாரு நிப்பாங்க?"

"யாராவது நிப்பாங்கப்பா."

மே 17

உள் அறை. தேய்க்கும் இயந்திரம், தண்ணீர்ச் சத்தம், ஒரு குழல் விளக்கு. நிலைக்கண்ணாடி இல்லை. நாள் முழுக்கத் தொப்பியோடு இருக்கலாம். நிம்மதி.

நிம்மதியா இது?

மே 21

ஃபிலிஸ் தன் அக்காவோடு அய்வாலிக் போவதாக முடிவு செய்துவிட்டாள்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"இல்ல. போன வருஷம் கோபம் இருந்தது. இப்ப நீ வர மாட்டேன்னா எனக்குப் பழகிடுச்சு தாரிக். அதுதான் பயமா இருக்கு."

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் என்ன செய்தேன்? கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பொடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அந்த நேரத்திலும்.

மே 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியம் உள் அறைக் கதவு திறந்தது. நெஜாத். வேலை உடுப்பு, டயர் வாசனை. அவன் பின்னாலேயே முஸஃபர் முதலாளி எட்டிப் பார்த்து, அவன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "இறைவா!" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு இரட்டைச் சகோதரன் இருப்பதை இத்தனை வருடமாக அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"ஃபிலிஸ் ஃபோன் பண்ணினா, உன் பின்னந்தலையைப் பார்த்தியான்னு கேட்டா" என்றான் நெஜாத். "தொப்பியைக் கழட்டு."

"என்னத்துக்கு?"

"கழட்டுடா."

கழற்றினேன். பொடி இல்லை. உள் அறையில் தொப்பியே போதுமென்று சில நாளாகத் தூவுவதை விட்டிருந்தேன். என் தோளைப் பிடித்துத் திருப்பி விளக்குக்கு நேராக நிறுத்தினான். விரலால் தொட்டான். சொரசொரப்பான விரல். காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து மறு காது வரைக்கும் தடவிக்கொண்டே போனான். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"எந்த நாசமாப் போனவன்டா இதைப் பண்ணினான்?"

குரல் மாறியிருந்தது. நான் திரும்பவில்லை.

"நான் முன்னாலதானே பார்த்தேன். முன்னால மட்டும்தான் பார்த்தேன். பின்னாடி இப்படின்னு ஏன்டா காட்டலை?"

"நீ கேக்கலையே."

"நான் கேக்கலைன்னா? கேக்கலைன்னா செத்துப் போயிருவியா, சொல்லாம?"

லென்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். இயந்திரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அவன்தான் எழுந்து அணைத்தான்.

"எப்போ வரச் சொல்றாங்க அந்த டாக்டரம்மா?"

ஜூன் 3

இருவருடைய ரத்தமும் சோதனைக்குப் போயிருக்கிறது. ஒரே அச்சு என்பது உறுதியானால்தான் மேற்கொண்டு செய்வாராம். எனக்குப் புதுக் கவலை. ஒரே அச்சு என்று யார் சொன்னது? மருத்துவச்சி சொன்னாள், அம்மா சொன்னாள், ஊரே சொன்னது. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. இல்லையென்று வந்தால்? முடி கிடக்கட்டும். நாற்பது வருடம் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்று ஆகிவிட்டால்?

ஜூன் 20

ஒரே அச்சு.

நெஜாத் ஃபோனில்: "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? நம்ம மூக்கைப் பார்த்தாலே தெரியுமே."

டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு ஒருமணி நேரம் பேசியிருக்கிறார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, புள்ளிகள் போகவே போகாது என்று தெரியுமா என்றெல்லாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அம்மா வயித்துலயே எட்டி உதைச்சு முன்னால வந்தவன் நான், இவன் என்னைக் கட்டாயப்படுத்துவானான்னு சொன்னேன்."

"புள்ளிக்கு?"

"அதுக்குத் தெரியும்னு சொன்னேன்."

முடியை வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்ரீத்துக்குப் போனபோது பார்த்தேன். காதைச் சுற்றி அரைவட்டமாக, நரையும் கறுப்புமாக முள் முளைத்திருந்தது. வழிக்காமல் விட்டதைப் பார்த்து, கடைக்கு வருகிறவர்களெல்லாம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்கிறார்களாம்.

ஜூன் 27, வியாழன்

முடிந்தது. இருவருக்கும் தலையில் கட்டு. படுக்க முடியாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அவனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். என்னை அதே அறையில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மரத்துப் போக ஊசி போடும்போது மட்டும் அவன் கால் துடித்தது. டாக்டர் ஒவ்வொன்றாக, தானே எடுத்தார். அவசரமே இல்லை. எடுத்ததைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வரிசையாக வைத்தார்கள். அரிசியைவிடச் சின்னது. அடியில் ஒரு பொட்டு சதை.

"டேய் தாரிக்," குப்புறப் படுத்தபடியே, "வளர்ந்ததுக்கப்புறம் இது என் பேச்சைத்தான் கேக்கும். நீ இடப்பக்கம் சீவினா அது வலப்பக்கம் போகும்."

"பேசாம இரு, கை ஆடும்."

"அவங்க கையா, என் வாயா ஆடறது?"

டாக்டர் சிரித்து ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியதாயிற்று. பிற்பகல் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஜாத் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கட்டோடு, பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தான். அந்த உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

இது என் உடம்பில் பிடிக்காவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜூலை 20

கொட்டுகிறது. முதலில் எல்லாமே கொட்டும், பிறகுதான் வளரும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். போன முறையும் கொட்டியது. தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் தலையணையில் கிடக்கும் ஒவ்வொன்றும் அவனுடையது. பொறுக்கி எடுத்துக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஃபிலிஸ் அய்வாலிக்கிலிருந்து ஃபோன் செய்தாள். "எப்படி இருக்கு?" என்றாள். கொட்டுது என்றேன். "உன்னைக் கேட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 2

நெஜாத்துக்குப் பின்னால் ஒரு இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, அவன் மனைவிதான் சொன்னாள். ஓடினேன். நல்ல காய்ச்சல். "வெயில்ல டயர் தூக்கினேன், வியர்வை பட்டுருச்சு. இதுக்கெல்லாமா வேலையை விட்டுட்டு வருவே?" என்றான். டாக்டருக்குப் படம் அனுப்பி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் தலையை அன்று ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 11

அவனுக்கு ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் புள்ளி பெரிதாகத்தான் நிற்குமாம்.

செப்டம்பர் 24

எனக்கு ஒன்றும் முளைக்கவில்லை. பொறுங்கள் என்கிறார் டாக்டர். எதற்குத்தான் பொறுக்கிறேன்?

அக்டோபர் 13, ஞாயிறு

ஃபிலிஸோடு ஆட்டம் பார்க்கப் போனேன். நெஜாத்தின் இந்தப் பருவத்து முதல் ஆட்டங்களில் ஒன்று. ஆறியதும் பழையபடி வழித்துக்கொண்டிருக்கிறான்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு கும்பல். முதல் பாதியில் அவன் ஒரு பெனால்டி கொடுக்கவில்லை. உடனே ஒருவன் எழுந்து கையைக் குவித்துக் கத்தினான்:

"நடுவரே! மண்டையைப் பூச்சி அரிச்சிடுச்சா!"

மைதானமே சிரித்தது. நெஜாத் இப்போது குனிவான், கையை நெஞ்சில் வைப்பான் என்று காத்திருந்தேன். அவன் குனியவில்லை. கை தானாகப் பின்னால் போனது. பிடரியை ஒரு தடவை தடவிவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான்.

எனக்குத் தெரியும் அந்தக் கை. அது என் கை.

நான் எழுந்துவிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. முன்வரிசைக்காரன் தோளைத் தட்டினேன். திரும்பினான். இருபது வயதுப் பயல். என் முகத்தைப் பார்த்தான், மைதானத்தைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான்.

"அதைப் பூச்சி அரிக்கலை" என்றேன். "எனக்குக் கொடுத்தான்."

தொப்பியைக் கழற்றி, திரும்பி நின்று என் பின்னந்தலையைக் காட்டினேன். அத்தனை பேர் முன்னால். பொடி இல்லை. முளையும் இல்லை. ஓட்டைதான். ஃபிலிஸ் என் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளும் எழுந்து பக்கத்தில் நின்றாள்.

அந்தப் பையன், "எனக்குத் தெரியாதுண்ணே" என்று முணுமுணுத்தான். இரண்டாம் பாதி முழுக்க அந்தக் கும்பல் கத்தவில்லை. அதனால் என்ன? இடைவேளையிலேயே நெஜாத் தலையில் தொப்பி ஏறிவிட்டது.

"வெயில்" என்றான்.

வெயிலே இல்லை.

அக்டோபர் 22

காலையில் ஃபிலிஸ் பின்னால் நின்று, "அசையாதே" என்றாள். விரலால் தடவினாள். "சொரசொரங்குது. இங்க. இங்கயும்."

முளைக்கிறது.

இதற்காக இரண்டரை வருடம் ஏங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவுதான். நெஜாத்திடம் சொல்லவில்லை.

அக்டோபர் 25

சொன்னேன். "பார்த்தியா, நல்ல சரக்கு!" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 17

புள்ளிகள் மேல் மை குத்தி மறைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"மண்டையில பச்சை குத்திக்கச் சொல்றியா? போடா."

"அப்ப என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். கொடுத்தாச்சு." காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "சில நாள் காலையில வழிக்கும்போது வருத்தமா இருக்கும். உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கடையைத் திறந்தா மறந்துடும்."

மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ மன்னிப்புக் கேட்டேன்னா கொடுத்ததைத் திருப்பி வாங்கிருவேன். ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ. அது போதும்."

டிசம்பர் 8

நெஜாத் வழிப்பதை நிறுத்திவிட்டான். குளிர்காலத்துக்கு மட்டும் என்கிறான்.

பிப்ரவரி 3

ட்ராமில் நெரிசல். யாரோ பின்னால் இடித்தார்கள். தொப்பி வீட்டில் இருக்கிறது என்று இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

மார்ச் 19

முஸஃபர் முதலாளி மறுபடியும் முன்னால் நிற்கச் சொன்னார். சரி என்றேன். அடர்த்தி என்று சொல்ல முடியாது. ஆனால் முடி. குனிந்தால் எதுவும் உதிர்வதில்லை. பழைய பழக்கத்தில் இன்னும் வாடிக்கையாளர்களின் காலரைப் பார்த்துக்கொண்டேதான் நிமிர்கிறேன்.

மே 18, ஞாயிறு

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து கடைக்குப் போனோம். ஃபிலிஸும் நெஜாத்தின் மனைவியும் உள்ளே திராட்சை இலையில் சோறு வைத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நெஜாத் வாசலில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். முடிதிருத்துபவரிடம் போவதில்லை, ஆயிரம் கேள்வி கேட்பாராம். மூன்று மாதமாக நான்தான் வெட்டுகிறேன்.

மேலே வழுக்கை, கீழே அரைவட்டமாக நரைமுடி. அப்பா கடைசி காலத்தில் இப்படித்தான் இருந்தார். இப்போது எங்களைத் தெரியாதவர்கள் யாரும் இரட்டையர் என்று சொல்ல மாட்டார்கள். அவனை எனக்குப் பெரியப்பாவாகக்கூட நினைப்பார்கள்.

கத்தரியை மெல்லத்தான் ஓட்டினேன். கடல்காற்று. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"தாரிக்."

"ம்?"

"ரொம்பத் தெரியுதா?"

கத்தரியை நிறுத்தினேன். முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். வெயிலில் ஒவ்வொன்றும் வெள்ளையாக இருந்தது. சீழ் வைத்த இடத்தில் ஒன்று பெரிதாக.

"கிட்ட வந்து பார்த்தாத் தெரியும்" என்றேன்.

துண்டைக் கழுத்தோடு இழுத்து விட்டுக்கொண்டான்.

"அப்ப கொஞ்சம் நீளமாவே விட்டுரு."

நீளமாகவே விட்டேன்.